முடிவு தெரிந்த தேர்தல்

பெப்ரவரி 27, வியாழக்கிழமை பின்னேரம். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன். மகள் ஓடி வந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒன்ராறியோ தேர்தலுக்காக அந்தக் கிழமை அவளுடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாதிரி வாக்கெடுப்பு வைத்திருந்தார்கள். தன் கையால் புள்ளடி போட்ட பெருமை முகத்தில் இன்னும் இருந்தது.

"அம்மா, நீங்கள் வோட் பண்ணீட்டீங்களா?"

"நேரம் கிடைக்கேல்லை பிள்ளை."

"ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும் எண்டு ரீச்சர் சொன்னவ."

அப்போது மணி ஆறரை. வாக்குச்சாவடி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. வாக்காளர் அட்டை மூன்று கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே "நேரம் கிடைக்கேல்லை" என்றது பொய். வெளியில் பனி மதில்போலக் குவிந்து கிடந்தது, யார் வெல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் உண்மைக் காரணம். அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப, தோற்கப் போற ஆளுக்கு நான் போட்டது சும்மாவா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சாப்பாடு போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அன்று இரவு நான் வாக்களிக்கவில்லை. முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததுதான்: 124 ஆசனங்களில் 80 ஆளும் கட்சிக்கு. வாக்களித்தவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 45 பேர். என்னைப்போல வீட்டில் இருந்தவர்கள்தான் பெரிய கட்சி.

அவளுடைய கேள்விக்கு ஒழுங்கான பதில் சிங்கப்பூரிலிருந்து கிடைத்தது. அதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1979இல் கலியாணம் கட்டிச் சிங்கப்பூர் போனவர். அடுத்த ஞாயிறு வட்சப்பில் கதைக்கும்போது மகள் கேட்ட கேள்வியைச் சிரிப்புக்காகச் சொன்னேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியுமே, நான் பாராளுமன்றத்துக்கு முதன்முதலா வோட் போட்டது எந்த வயசிலை எண்டு?"

"இருபத்தொண்டு?"

"ஐம்பத்தெட்டு."

சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம். சரியான காரணம் இல்லாமல் போகாவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நாட்டில், 1989இல் குடியுரிமை எடுத்த ஒருவருக்கு 2015 வரை பாராளுமன்றத்துக்கு வாக்குப் போடக் கிடைக்கவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் இரண்டு தரம் போட்டிருக்கிறார். பொதுத் தேர்தலில் மட்டும் இல்லை. காரணம், அவருடைய தொகுதியில் ஆளும் கட்சியை எதிர்த்து யாருமே நிற்கவில்லை.

அது விளங்க வேண்டுமென்றால் 1991 ஓகஸ்டுக்குப் போக வேண்டும்.

மக்கள் செயல் கட்சி 1959 முதல் சிங்கப்பூரை ஆண்டு வருகிறது. 1968இல் ஒரு தேர்தல்: 58 ஆசனங்களில் 51இல் போட்டியே இல்லை, 58ம் அந்தக் கட்சிக்கே. அன்றிலிருந்து 1981 வரை ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூடத் தெரிவாகவில்லை. 1988 தேர்தலில் 81 ஆசனங்களில் 80 அவர்களுக்கு. மிச்சம் ஒரே ஒருவர், பொத்தோங் பாசிரில் சியாம் சீ டோங்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது கள்ள வாக்கால் வந்த வெற்றி அல்ல. வீடு, தண்ணீர், வேலை, ஊழல் இல்லாத கந்தோர் என்று அந்தக் கட்சி செய்து காட்டியவை நிறைய. பெரியம்மாவே அதை மறுக்க மாட்டார். நாங்கள் இருக்கிற ஒன்ராறியோவையும் 1943 முதல் 1985 வரை 42 வருடம் ஒரே கட்சிதான் தொடர்ந்து ஆண்டது. மக்கள் ஒரு கட்சியைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்வது குற்றமில்லை. பிரச்சினை, மற்றவர்களுக்கு மேடையே இல்லாமல் போகும்போதுதான்.

1990 நவம்பரில் லீ குவான் இயூ பிரதமர் பதவியை கோ சோக் டோங்கிடம் கொடுத்தார். அடுத்த தேர்தலுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் புதுப் பிரதமருக்குத் தன் பெயரில் மக்களின் ஒப்புதல் வேண்டும், தன் திறந்த, கலந்துபேசுகிற பாணிக்கு ஆதரவு வேண்டும் என்று தேர்தலை முன்னுக்குக் கொண்டு வந்தார். 1991 ஓகஸ்ட் 14 பாராளுமன்றம் கலைந்தது. 21 வேட்புமனு நாள். 31 வாக்களிப்பு. வேட்புமனுவுக்கும் வாக்களிப்புக்கும் இடையில் பத்தே நாள்.

இந்தத் திகதிகளை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்றால், திகதியில்தான் ஒரு கதை இருக்கிறது.

ஜே. பி. ஜெயரத்தினம் என்ற பெயரை எங்கள் வீடுகளில் அப்பா, அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1926இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, சிங்கப்பூரில் சட்டத்தரணியானவர். பாட்டாளிக் கட்சியின் தலைவர். 1981 ஒக்ரோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, அந்த 13 வருட மௌனத்தை உடைத்தவர் இவர்தான். எதிர்ப் பக்கத்தைப் பார்த்தாலும் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இருக்கிறார். மக்கள் செயல் கட்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவரும் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சருமான எஸ். ராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். ஆன்சன் ஆசனம் எப்படிக் காலியானது தெரியுமா? அதன் உறுப்பினர் தேவன் நாயர் ஜனாதிபதியானதால். அந்தத் தேவன் நாயர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 2005 டிசம்பரில் காலமானது எங்களுக்குப் பக்கத்தில், ஹமில்ரனில்.

ஜெயரத்தினம் 1984இலும் ஆன்சனில் வென்றார். 1986இல் கட்சிக் கணக்கு சம்பந்தமான வழக்கொன்றில் ஒரு மாதச் சிறையும் 5,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அன்றைய சட்டப்படி அபராதம் 2,000 டொலரைத் தொட்டாலே உறுப்பினர் பதவி போய்விடும், ஐந்து வருடம் தேர்தலில் நிற்கவும் முடியாது. 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில், சட்டத்தரணிப் பதவி பறிக்கப்பட்டதற்கு எதிரான அவருடைய மேன்முறையீட்டை ஏற்று, அவருக்குப் பெரிய அநீதி நடந்திருக்கிறது என்றது. ஆனாலும் தேர்தல் தடை நீங்கவில்லை. அந்த ஐந்து வருடம் முடிகிற மாதம் 1991 நவம்பர். தேர்தல் வந்தது ஓகஸ்டில்.

அதற்காகத்தான் நாள் குறித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிறகு இடைத்தேர்தல் வைப்பேன் என்று கோ உறுதி கூறினார். 1992 டிசம்பரில் தன்னுடைய சொந்தத் தொகுதியான மரின் பரேடிலேயே வைத்தார். ஆனால் ஜெயரத்தினத்தின் கட்சி அதில் நிற்கவில்லை. நான் சொல்வது வேறு. நாட்காட்டி யாருடைய கையில் இருக்கிறதோ, களத்தில் யார் நிற்கலாம், எதிராளிக்கு ஆயத்தப்பட எத்தனை நாள், சனம் என்ன மனநிலையில் இருக்கும் எல்லாமே பாதி அவர் கையில். ஒன்ராறியோவில் சட்டப்படி 2026 ஜூனில் வரவேண்டிய தேர்தல் 15 மாதம் முந்தி, மாசிப் பனிக்குள் வந்ததும் அதே அதிகாரத்தால்தான்.

தேர்தலை முன்னுக்கு இழுப்பது மட்டுமல்ல, பின்னுக்குத் தள்ளுவதும் அந்த அதிகாரம்தான். அதை அம்மா அனுபவித்திருக்கிறார். 1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களோடு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் கட்சி, 1982 டிசம்பர் 22இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்தது. இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா? ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அம்மாவுக்கு அப்போது இருபது வயது. முதல் வாக்கு அதுதான். குடத்துக்குப் போட்டார். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் விளக்கு வென்றது. அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது. அதற்கிடையில் அம்மா ஸ்காபரோவுக்கு வந்துவிட்டார். இங்கே குடியுரிமை எடுத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் நல்ல உடுப்புப் போடுவார். சின்ன வயதில் அது எனக்கு வெட்கமாக இருக்கும்.

சரி, 1991க்கு வருவோம். எதிர்க்கட்சிகள் என்ன செய்தன?

சியாம் சீ டோங் ஒரு யோசனை சொன்னார். சனம் எதிர்க்கட்சிக்கு வாக்குப்போடப் பயப்படுவது ஏன்? அரசாங்கமே மாறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தை எடுத்துவிடுவோம். பாதிக்கு மேற்பட்ட ஆசனங்களில் நாங்கள் நிற்காமல் விடுவோம். வேட்புமனு நாளிலேயே ஆளும் கட்சி ஆட்சி அமைத்துவிடும். பிறகு சனம் நிம்மதியாக, இடைத்தேர்தலில் போடுவதுபோல, தன் மனதில் உள்ளதைப் போடும்.

அப்படியே நடந்தது. 81இல் 41 ஆசனங்கள் போட்டியின்றி ஆளும் கட்சிக்குப் போயின. வாக்களிப்புக்குப் பத்து நாள் முந்தியே முடிவு தெரிந்துவிட்டது. என் மகள் கேட்ட கேள்வியின் உச்சம் இது: அரசாங்கம் யார் என்பது முடிந்த கதை, இனி எதற்கு வாக்கு?

மிச்ச 40 தொகுதிச் சனமும் போய் வாக்களித்தது. 31ஆம் திகதி இரவு எதிர்க்கட்சிக்கு நான்கு ஆசனங்கள். பொத்தோங் பாசிர், புக்கிட் கோம்பாக், நீ சூன் சென்ட்ரல் மூன்றும் சியாமின் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சிக்கு. ஹவ்காங், பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங்குக்கு. ஆளும் கட்சிக்கு 77 ஆசனங்கள், 61 சதவீத வாக்கு. வேறு எந்த நாட்டிலும் இது அமோக வெற்றி. சிங்கப்பூரில் அதைத் தோல்வி மாதிரிப் பார்த்தார்கள். தன் பாணிக்கு ஒப்புதல் கேட்டுப் போன பிரதமருக்கு, போன முறையைவிடக் குறைந்த சதவீதமும் நான்கு எதிர்க்கட்சி உறுப்பினர்களும் கிடைத்தார்கள். விலைவாசி, ஆங்கிலம் படிக்காத சாதாரண சனத்தின் மனக்குறை, இவற்றை அரசாங்கம் உற்றுப் பார்க்க வேண்டி வந்தது.

அந்த நான்கு ஆசனங்களும் எளிதாகத் தப்பவில்லை. 1997 தேர்தலில், ஆளும் கட்சிக்கு ஆதரவு கூடிய இடங்களில் அடுக்குமாடி வீடுகளைத் திருத்துகிற வேலைக்கு முதலிடம் என்று சொல்லப்பட்டது. நான்கு இரண்டாகக் குறைந்தது. ஆனால் ஹவ்காங் விழவில்லை. 1991இல் கைமாறிய அந்த ஒரு தொகுதி இன்றுவரை பாட்டாளிக் கட்சியிடம்தான். அங்கே காலூன்றித்தான் 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதி, 2020இல் செங்காங் என்று அந்தக் கட்சி பத்து ஆசனங்கள்வரை வளர்ந்தது. 2020 தேர்தலுக்குப் பிறகுதான் அங்கே எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியே முறைப்படி உருவானது.

பெரியம்மா இருந்தது தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில். லீ குவான் இயூவின் தொகுதி. 1991இல் போட்டியின்றிப் போன 41 ஆசனங்களில் அவருடையதும் அடக்கம்.

"பெரியப்பா அப்ப கவர்ண்மென்ட் வேலை," என்றார். "வாக்குச்சீட்டிலை நம்பர் இருக்கும். யாருக்குப் போட்டது எண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள் எண்டு ஆக்கள் கதைப்பினம். போட்டியில்லை எண்டு ரேடியோவிலை சொன்னதும் பெரியப்பா, அப்பாடா, தப்பிச்சம் எண்டார். நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

அந்த இலக்கம் கள்ளச் சீட்டைத் தடுக்கத்தான். எண்ணி முடிந்ததும் சீட்டுகளைப் பூட்டி வைத்து, ஆறு மாதத்தில் எரித்துவிடுவார்கள். அரசாங்கம் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறது. ஆனாலும் அந்தப் பயம் எத்தனையோ வீடுகளில் இருந்தது.

1997இலும் போட்டியில்லை. 2001, 2006இலும் இல்லை. நிம்மதி மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. "பக்கத்துத் தொகுதியிலை இருக்கிற சிநேகிதி கியூவிலை நிண்ட கதை சொல்லுவா. எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. எங்களிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை எண்ட மாதிரி." 2011இல் நாடு முழுக்கப் போட்டி வந்தது, தஞ்சோங் பகாரைத் தவிர. அங்கேயும் ஒரு குழு வந்தது. மனுக் கொடுக்க 35 விநாடி பிந்திவிட்டது என்று நிராகரித்துவிட்டார்கள். முப்பத்தைந்து விநாடி! பெரியம்மாவுக்கு அது இன்னும் நான்கு வருடக் காத்திருப்பு.

2015 மார்ச்சில் லீ குவான் இயூ காலமானார். செப்டெம்பர் 11இல் மறுபடி ஒரு முன்கூட்டிய தேர்தல். இம்முறை எல்லா ஆசனங்களிலும் போட்டி. ஐம்பத்தெட்டு வயதில் பெரியம்மா பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்றார். தஞ்சோங் பகாரில் ஆளும் கட்சிக்கு 77 சதவீதத்துக்கு மேல். முடிவு தெரிந்த தேர்தல்தான்.

"யாருக்குப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அதை நான் பெரியப்பாவுக்கே சொல்லேல்லை," என்றார். பிறகு சொன்னார்: "வெல்லுற ஆளுக்குப் போட்டா, உன்னை நம்புறன் எண்டு சொன்ன மாதிரி. தோக்கிற ஆளுக்குப் போட்டா, உன்னை நான் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு வெல்லுற ஆளுக்குச் சொன்ன மாதிரி. ரெண்டிலையும் அவருக்கு ஏதோ ஒண்டு போய்ச் சேரும். நீ வீட்டிலை இருந்தா என்ன போய்ச் சேரும்?"

எனக்கு நெஞ்சில் குத்தியது. அவருக்கு 24 வருடம் வாக்குச்சீட்டு வரவில்லை. எனக்கு வந்த அட்டையை நான் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கவிட்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: வாக்களிக்காத இரண்டு பெண்கள். வித்தியாசம், எனக்கு யாரும் தடை போடவில்லை.

ஏப்ரல் 28, கனடாப் பொதுத் தேர்தல். அதுவும் ஒக்ரோபரில் வரவேண்டியது, முந்தி வந்தது. மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போகலாம். இதுவரை செய்திராதவர்கள் அடுத்த முறை செய்து பாருங்கள். அம்மா வழக்கம்போல நல்ல சேலை. மகள் என் கையைப் பிடித்தபடி மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பென்சில் ஏன் கட்டை என்று கேட்டாள். பெட்டிக்குள் சீட்டைப் போட்டபோது என்னைவிட அவளுக்குத்தான் பெருமை. காரில் வரும்போது, "பெப்ரவரியிலை நீங்கள் வராதது எனக்குப் பிடிக்கேல்லை," என்றாள். "எனக்கும்தான்," என்றேன். அவளுடைய கேள்விக்கு இரண்டு மாதம் பிந்திய பதிலாகப் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். 35 விநாடியில் வந்ததும், "அது அநியாயம்!" என்று கத்தினாள்.

ஐந்து நாள் கழித்து, மே 3இல், சிங்கப்பூரில் தேர்தல். சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு முடிவு வரத் தொடங்கியது. 97 ஆசனங்களில் 87 ஆளும் கட்சிக்கு, பாட்டாளிக் கட்சிக்கு மறுபடி பத்து. பெரியம்மாவை அழைத்தேன். தான் போட்டாயிற்று என்றார். ஆனால் அவருடைய மகள், என் அக்கா, இருப்பது மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில். அங்கே ஐந்து ஆசனங்களுக்கும் போட்டியில்லை. 2011க்குப் பிறகு முதல் தடவை. அக்காவின் மகனுக்கு இருபத்து மூன்று வயது. முதல் வாக்குப் போட ஆசையோடு இருந்தானாம்.

மகள் போனை வாங்கி, "அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றாள், "நான் அவரைவிட முதல் வோட் போட்டிட்டன் எண்டு. பள்ளிக்கூடத்திலை."

பெரியம்மா சிரித்தார். இந்த முறை சிரித்தார்.